மனதில் புள்ளி நான்கு

எங்கள் விளையாட்டில் யார் வேண்டுமானாலும்
விமான கம்பெனி நடத்தலாம்.
கடன் வாங்கு, விமானம் வாங்கு, வழித்தடம் கீறு,
டிக்கெட் விலையை ஏற்று, இறக்கு.
பயணிகளை மட்டும் நான்தான் அனுப்பவேண்டும்.
எபேனில், ஆறாவது மாடியில்,
ஏசி சொட்டும் இடத்தில் ஒரு வாளியை வைத்துவிட்டு
நாள் முழுக்க ஆட்களை உட்கார வைக்கிறேன்.

புகார் ஒன்றுதான்:
வரைபடம் கூட்டம் என்கிறது,
விமானம் பாதி காலியாகப் பறக்கிறது.

முதலில் முன்வரிசையைச் சந்தேகித்தேன்.
முதல் வகுப்பு நிரம்பிய பிறகுதான் நிரல் பின்னால் வரும்.
பணக்காரர் வராத நாளில்
அந்த எட்டு நாற்காலிக்காக எல்லோரும் நின்றார்கள்.
மூன்று வகுப்புக்கும் மூன்று வரிசை போட்டேன்.
கொஞ்சம் நிரம்பியது.
போதவில்லை.

சோதித்துப் பார்க்கும் ரோஸ்மே, ரோட்ரிக்ஸ்காரி.
பெரிய விமானங்களைத் தொடமாட்டாள்.
எழுபத்திரண்டு பேர் கொள்ளும் விசிறி விமானம் ஒன்றை
தன் தீவுக்கும் பிளெசான்ஸுக்கும் நடுவே
தையல் மிஷின் மாதிரி ஓட்டிக்கொண்டிருப்பாள்.
செவ்வாய்க்கிழமை நாற்காலியோடு உருண்டு வந்து
க்ரியோலில் கேட்டாள்:
"ஆறு மாசம் ஓட்டிட்டேன்.
எங்க ஊர்லேர்ந்து பெர்த்துக்கு ஒரு ஆள்கூட போகலை.
என் தங்கச்சி போனாளே?"

திறந்து பார்த்தேன்.
ரோட்ரிக்ஸ் முதல் பெர்த் வரை, நாளொன்றுக்கு
பூஜ்யம் புள்ளி நான்கு ஆள்.
முழு ஆளாக இல்லாத எதையும் ஏற்றமுடியாது.
நள்ளிரவில் நிரல் அதைப் பூஜ்யமாக்கும்.
மறுநாள் மறுபடி புள்ளி நான்கு,
மறுபடி பூஜ்யம்.

அந்த வரியை எழுதியது நான்.
மூன்று வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை,
ரோஸ் ஹில் மெட்ரோவைப் பிடிக்கும் அவசரத்தில்.

நாலாயிரம் வழித்தடம்.
ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு தோள், ஒரு முழங்கால்,
பெட்டியை விடாத ஒரு கை.

அருணாசலம் என்று ஒருவர் சொல்ல
அர்னசலோன் என்று எழுதி மை ஒற்றினான்
துறைமுகத்தில் ஒரு குமாஸ்தா.
இன்றும் என் அடையாள அட்டையில் அதுதான்.
உதிர்ந்த எழுத்துகளை யாரும் தேடவில்லை.
இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.
சும்மா ஞாபகம் வந்தது.

மதியம் கீழே தால் பூரி வாங்கப் போனேன்.
நேற்று சில்லறை இல்லையென்று தலையைச் சொறிந்த ராம்தனி
நான் வாயைத் திறக்குமுன்
ஐந்து ரூபாயை எண்ணெய்க் காகிதத்தின் மேல் வைத்தார்.
"நேத்து மீதி."

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை.
பூரி ஆற, மிளகாய்ச் சட்னி விசைப்பலகையில் ஒழுக,
ஏறாத பங்கைத் தூக்கியெறியாதே,
நாளைக்கு வை என்று எழுதினேன்.

"நாளைக்கு வைக்க நினைவகம் வேண்டுமே"
என்றார் எங்கள் தலைவர் ஃபோங்.
வழித்தடத்துக்கு எட்டு பைட் என்றேன்.
விரல் மடக்கிக் கணக்குப் போட்டார்.
நாலாயிரம் பேரின் காத்திருப்பு
ஒரு பூனைப் படத்தைவிட இடம் குறைவு.
"சரி. அந்தப் பெயர், மீதி, அது என்ன மொழி?"
"பூரிக்காரர் திருப்பித் தந்தது" என்றேன்.

விளக்கெல்லாம் அணைந்த மாடியில்
ரோஸ்மேயும் நானும் ஓட்டிப் பார்த்தோம்.
பள்ளிக்கூடத்துக் கூட்டல் மாதிரி:
முதல் நாள் பூஜ்யம், மனதில் புள்ளி நான்கு.
இரண்டாம் நாள் பூஜ்யம், மனதில் புள்ளி எட்டு.
வாளியில் ஒரு சொட்டு.
மூன்றாம் நாள்
தீவின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி எழுந்தது,
பிளெசான்ஸில் விமானம் மாறியது,
கிழக்கே கடலின் மேல் ஊர்ந்தது.

ரோஸ்மே திரைக்கு மிக அருகில் குனிந்தாள்.
"ஜன்னல் சீட்டா?"

எங்கள் விளையாட்டில் ஜன்னல் கிடையாது.
நாற்காலிக்கு எண்கூடக் கிடையாது,
மொத்தம் மட்டும்தான்.

ஆமாம் என்றேன்.
மனதில் புள்ளி இரண்டு.